ஆண்டவரே, அவங்களுக்கு மட்டும் எப்படி?

யாராவது ஒரு நல்ல செய்தி சொன்னா வாய் தானா "ரொம்ப சந்தோஷம்ப்பா, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்"னு சொல்லிடும். ஆனா வாய் அத சொல்லி முடிக்கறதுக்குள்ள மனசு உள்ள உக்காந்து ஒரு கணக்கு போட்டு முடிச்சிருக்கும். அவளுக்கு என்ன வயசு, எனக்கு என்ன வயசு, நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாதானே படிச்சோம், அவ ஜெபிக்கறத விட நான் கம்மியாவா ஜெபிக்கறேன், அப்புறம் ஏன் அவளுக்கு கல்யாணம் ஆச்சு, குழந்தை வந்துச்சு, வேலைல மேல போயிட்டா, நான் மட்டும் அதே இடத்துல நிக்கறேன். இதெல்லாம் யோசிக்கணும்னு நினைச்சு யோசிக்கறது இல்ல, அதுவா ஓடுது.

இத பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுட்டு இருந்தேன். ஏன்னா சபையில இத பத்தி பேசினா ரெண்டே வரியில முடிச்சிடறாங்க, "பொறாமை பாவம், பொறாமைப்படாதீங்க"ன்னு. பாவம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா அந்த கணக்கு எங்க போய் முடியுதுன்னு யாரும் பேசறதில்ல. கடவுள் நம்பிக்கை இல்லாதவங்களுக்கு அது "அவனுக்கு அதிர்ஷ்டம்"னு முடிஞ்சிடும். நமக்கு அப்படி முடியாது, ஏன்னா எல்லாம் ஆண்டவர் கையில இருந்துதான் வருதுன்னு நம்பறோம், அதனால அந்த கணக்கோட கடைசி வரி எப்பவும் ஆண்டவர் மேலதான் போய் விழும். அவளுக்கு குடுத்தார், எனக்கு குடுக்கல. அப்போ அவர் என்னை மறந்துட்டாரா? இல்ல என்மேல கோவமா? இல்ல அவருக்கு அவளதான் ரொம்ப பிடிக்குமா? வெளியில பாக்கறவங்களுக்கு அது நம்ம ஃப்ரெண்ட் மேல இருக்கற பொறாமை மாதிரி தெரியும், நிஜத்துல அது ஆண்டவர் மேல நாம குடுக்கற ஒரு கம்ப்ளெயின்ட். ஆண்டவர் எப்படிப்பட்டவர்னு ஆண்டவர்கிட்டயே கேக்காம அடுத்தவங்க வாழ்க்கைய பாத்து நாமளே ஒரு முடிவுக்கு வந்துடறோம். எனக்கு இந்த விஷயத்துல பெரிய ஆபத்தா தெரியறது இதுதான்.

ஒப்பிடறதே தப்புன்னு சொல்ல மாட்டேன். மனுஷன் அப்படித்தான் இருக்கான். லியோன் ஃபெஸ்டிங்கர்னு ஒரு சைக்காலஜிஸ்ட் 1954லயே இத பத்தி ஒரு தியரி எழுதி வச்சிட்டார், அளக்கறதுக்கு வேற அளவுகோல் இல்லாத விஷயத்துல மனுஷன் தன்னை அடுத்தவனோட வச்சுத்தான் அளப்பான், அதுவும் ரொம்ப தூரத்துல இருக்கறவனோட இல்ல, தன்னை மாதிரியே இருக்கறவனோடன்னு. அதனாலதான் யாரோ ஒரு கோடீஸ்வரன் தீவு வாங்கினான்னு கேட்டா நமக்கு ஒண்ணும் ஆகறதில்ல, கூட வேலை பாக்கறவனுக்கு ப்ரமோஷன்னு கேட்டா தூக்கம் போயிடுது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ஸ் வீடியோக்கள வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணி 1995ல வெளியிட்டாங்க. மெடல் வாங்கினவங்க முகத்த பாத்து யார் எவ்ளோ சந்தோஷமா இருக்காங்கன்னு மார்க் போட சொன்னா, வெள்ளி வாங்கினவங்கள விட வெண்கலம் வாங்கினவங்கதான் சந்தோஷமா இருக்கற மாதிரி தெரிஞ்சிருக்கு. வெள்ளிக்காரன் தங்கத்த பாக்கறான், வெண்கலக்காரன் மெடலே இல்லாம போன நாலாவது ஆள பாக்கறான். உலகத்துலயே ரெண்டாவது ஆளா நின்னுட்டு மூஞ்சி தொங்கிப் போயிருக்கறது எவ்ளோ விசித்திரம், ஆனா நாம எல்லாரும் ஏதோ ஒரு விஷயத்துல அப்படித்தான் நிக்கறோம்.

உடனே ஒருத்தர் வருவார் பாருங்க, "அதான், உனக்கு மேல இருக்கறவங்கள பாக்காத, கீழ இருக்கறவங்கள பாரு, நிம்மதியா இருப்ப"ன்னு. நல்ல மனசோடதான் சொல்றாங்க. ஆனா எனக்கு இந்த அட்வைஸ் சுத்தமா பிடிக்காது. அடுத்தவன் கஷ்டத்த பாத்து எனக்கு நிம்மதி வருதுன்னா அது என்ன நிம்மதி? இயேசு சொன்ன கதையில ஒரு பரிசேயன், அதாவது மதச்சட்டத்த ரொம்ப கண்டிப்பா பிடிச்சிருக்கறவன், தேவாலயத்துல நின்னு ஜெபம் பண்ணுவான், லூக்கா 18ல இருக்கு. அவன் ஆரம்பிக்கறதே ஸ்தோத்திரத்துலதான். மத்தவங்கள மாதிரி நான் இல்ல, அதோ நிக்கறானே வரி வசூலிக்கற அந்த ஆயக்காரன் மாதிரியும் இல்ல, அதுக்காக உமக்கு ஸ்தோத்திரம்னு சொல்றான். கேக்கறதுக்கு நன்றி சொல்ற மாதிரிதான் இருக்கு, ஆனா அந்த நன்றிக்கு பக்கத்துல இன்னொருத்தன் தாழ்ந்து நிக்க வேண்டியிருக்கு. கடைசியில நீதிமானாக்கப்பட்டு வீட்டுக்கு போனது அந்த ஆயக்காரன்தான்னு இயேசு கதைய முடிக்கறார். மேல பாத்து வயிறெரியறதும் கீழ பாத்து ஆறுதல்படறதும் ஒரே வியாதிதான், ரெண்டாவதுக்கு மட்டும் பக்தி வேஷம் ஈஸியா பொருந்துது, அவ்ளோதான்.

இந்த இடத்துல ஃபோன பத்தி ரெண்டு வார்த்தை சொல்லாம போக முடியாது. ஃபேஸ்புக்ல லைக் பட்டன் வந்தது 2009ல. அதுக்கு முன்னாடியும் ஒப்பிட்டோம், ஆனா அடுத்தவன் வாழ்க்கைக்கு நம்பர் போட்டு நம்ம கையில யாரும் குடுக்கல. இப்போ காலையில கண்ண திறந்ததும் பைபிளுக்கு முன்னாடி அந்த நம்பரதான் பாக்கறோம். சரி, இத எல்லாரும் சொல்லி சொல்லி அலுத்துப்போச்சு, நானும் இத டைப் பண்றது ஃபோன்லதான், விடுங்க.

எனக்கு ஆறுதலா இருக்கறது என்னன்னா, இயேசு கூடவே நடந்தவங்களும் இதத்தான் பண்ணிட்டு இருந்தாங்க. சீஷர்கள் தங்களுக்குள்ள யார் பெரியவன்னு சண்டை போட்டது ஒரு தடவை இல்ல. அவர் சிலுவைக்கு போறதுக்கு முந்தின ராத்திரி, அப்பத்த பிட்டு குடுத்த அதே பந்தியில கூட அந்த வாக்குவாதம் வந்துச்சுன்னு லூக்கா எழுதி வச்சிருக்கார். அதுக்கு முன்னாடியே செபெதேயுவோட மனைவி, யாக்கோபு யோவான் ரெண்டு பேரோட அம்மா, பசங்கள கூட்டிட்டு வந்து உங்க ராஜ்யத்துல ஒருத்தன் வலது பக்கம் ஒருத்தன் இடது பக்கம் உக்காரணும்னு கேட்டுட்டாங்க. மத்த பத்து பேருக்கும் அத கேட்டு கோவம். ஏன் கோவம்? அவங்களுக்கும் அந்த சீட் மேல ஒரு கண்ணு இருந்திருக்கும், இவங்க முந்திக்கிட்டாங்க, வேற என்ன.

பேதுருவும் அப்படித்தான். பணக்கார வாலிபன் ஒருத்தன் எல்லாத்தையும் விட மனசில்லாம துக்கத்தோட திரும்பி போனத பாத்துட்டு, நாங்க எல்லாத்தையும் விட்டுட்டு உங்க பின்னாடி வந்தோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும்னு நேராவே கேட்டுட்டார். மத்தேயு 19. இயேசு திட்டல, பலன் நிச்சயம் இருக்குன்னு சொன்னார், சொல்லிட்டு கையோட ஒரு கதையும் சொன்னார், அதான் திராட்சத்தோட்டத்து வேலையாட்கள் கதை. இந்த கதைய சின்ன வயசுல சண்டே ஸ்கூல்ல கேட்டப்போ எனக்கு அந்த முதலாளி மேல கோவம்தான் வந்துச்சு. விடியக்காலையில வந்தவனுக்கும் ஒரு பணம், பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது வந்தவனுக்கும் ஒரு பணம். எந்த ஊர் நியாயம் இது?

இப்போ படிக்கும்போது வேற சில விஷயங்கள் கண்ணுல படுது. அந்த முதலாளி நினைச்சிருந்தா காலையில வந்தவங்களுக்கு முதல்ல கூலிய குடுத்து அனுப்பியிருக்கலாம். பேசின கூலி கைக்கு வந்துடுச்சுன்னு அவங்க சந்தோஷமா வீட்டுக்கு போயிருப்பாங்க, கடைசியில வந்தவனுக்கு என்ன குடுத்தாங்கன்னு அவங்களுக்கு தெரிஞ்சே இருக்காது. ஆனா அவர் வேணும்னே கடைசியில வந்தவங்கள்ல இருந்து ஆரம்பிக்க சொல்றார், அதாவது காலையில வந்தவங்க நின்னு பாக்கணும். இன்னொண்ணு, அவங்க முறுமுறுக்கும்போது கூலி குறைச்சல்னு சொல்லல. "இவங்கள எங்களுக்கு சமமாக்கிட்டீங்களே"ங்கறதுதான் அவங்க குறை. கையில இருக்கற காசு அதேதான், அத வாங்கறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி வரைக்கும் அதுல ஒரு குறையும் இல்ல. பக்கத்துல இருக்கறவன் கைய பாத்ததுக்கு அப்புறம்தான் அது கம்மியா போச்சு. முதலாளி அவங்கள்ல ஒருத்தன "சிநேகிதனே"ன்னு கூப்பிட்டுத்தான் பதில் சொல்றார், அதையும் கவனிங்க. நான் உனக்கு அநியாயம் பண்ணல, நான் தயாளனா இருக்கறது உனக்கு ஏன் உறுத்துதுன்னு கேக்கறார்.

அப்புறம் அந்த கடைசி ஆளுங்க. அவங்கள ஏன் பகல் பூரா சும்மா நிக்கறீங்கன்னு கேட்டா, எங்களுக்கு யாரும் வேலை குடுக்கலன்னு சொல்வாங்க. அந்த ஒரு வரியில எவ்ளோ அவமானம் இருக்கு பாருங்க. நாள் பூரா நின்னிருக்காங்க, ஒவ்வொருத்தரா கூட்டிட்டு போறத பாத்திருக்காங்க, நம்மள யாரும் கூப்பிடலயேன்னு. வெயில்ல உழைச்சவனுக்கு கஷ்டம்தான், ஆனா சாயங்காலம் கூலி உண்டுங்கற நிச்சயம் அவனுக்கு விடியக்காலையிலயே கிடைச்சிடுச்சு. நிக்கறவனுக்கு அது இல்ல. நம்மள காலையில வந்தவனா நினைச்சு படிச்சாத்தான் இந்த கதையில கோவம் வருது. எந்த தைரியத்துல எல்லாரும் நம்மள காலையில வந்தவனாவே நினைச்சுக்கறோம்னு தெரியல!

சரி, பேதுருகிட்ட திரும்ப வரேன், ஏன்னா இந்த விஷயத்துல எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் யோவான் 21தான். உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில அவர்கிட்ட மூணு தடவை என்மேல அன்பா இருக்கியான்னு கேக்கறார், என் ஆடுகள மேய்ன்னு சொல்றார், அப்புறம் நீ வயசானப்போ உன் கைய நீட்டுவ, வேற ஒருத்தன் உனக்கு இடுப்பு கட்டி உனக்கு இஷ்டமில்லாத இடத்துக்கு கொண்டுபோவான்னு சொல்றார். பேதுரு எப்படி சாகப்போறார்ங்கறத இப்படி சொல்லிட்டு, என்னைப் பின்பற்றி வான்னு கூப்பிடறார். ஒரு மனுஷனுக்கு தன்னோட சாவ பத்தியே சொல்லியாச்சு. அந்த நேரத்துல அவர் என்ன பண்ணார்? திரும்பி பாத்தார். பின்னாடி யோவான் வந்துட்டு இருக்கார். உடனே கேக்கறார், "ஆண்டவரே, இவன் காரியம் என்ன?"

எனக்கு இந்த கேள்விய படிக்கும்போதெல்லாம் சிரிப்பும் வரும், கூடவே ஒரு மாதிரி தொண்டையும் அடைக்கும். அவ்ளோ நம்ம கேள்வி அது. எனக்கு கஷ்டம் உண்டுன்னு சொல்லிட்டீங்க சரி, அவனுக்கு என்ன? அவனுக்கும் அப்படித்தானா, இல்ல அவனுக்கு மட்டும் ஈஸியா? யோவான் யாருன்னா இயேசு அன்பு வச்சிருந்த சீஷன், பந்தியில அவர் மார்புல சாஞ்சிருந்தவர், சிலுவைக்கிட்ட நின்னவர். பேதுரு, இயேசுவ பிடிச்சுட்டு போன ராத்திரியில அவர தெரியவே தெரியாதுன்னு மூணு தடவை சொன்னவர். இந்த ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிட்டா பேதுரு மனசுக்குள்ள என்ன ஓடியிருக்கும்னு யோசிச்சு பாருங்க.

இயேசு அதுக்கு ஒரு விளக்கமும் குடுக்கல. நான் வர்ற வரைக்கும் அவன் இருக்கணும்னு எனக்கு சித்தமானா கூட "உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா"ன்னு சொல்லிட்டார். கொஞ்சம் கடுமையா தெரியலாம். எனக்கு அப்படி தோணல. பேதுருவோட விஷயத்த பேதுருகிட்ட சொன்னார், யோவானோட விஷயத்த யோவான்கிட்ட பேசிக்கறார். என் வாழ்க்கைய பத்தி என் ஃப்ரெண்டுகிட்ட அவர் கணக்கு சொல்லப்போறதில்ல, அதே மாதிரி என் ஃப்ரெண்டோட வாழ்க்கைய பத்தி என்கிட்டயும் சொல்லப்போறதில்ல. யோசிச்சு பாத்தா அதுல ஒரு மரியாதை இருக்கு. அந்த பதில சரியா கேக்காம அப்பவே யோவான் சாகவே மாட்டார்னு ஒரு வதந்தி கிளம்பிடுச்சாம், இயேசு அப்படி சொல்லலன்னு அந்த சுவிசேஷத்துலயே தனியா எழுத வேண்டியதா போச்சு. அடுத்தவன் காரியத்துல நமக்கு எப்பவுமே காது கொஞ்சம் அதிகம்தான்.

அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னா, சபை பாரம்பரியத்துப்படி பேதுரு ரோமாபுரியில நீரோ காலத்துல இரத்தசாட்சியா மரிச்சார், யோவான் எபேசுல நல்லா வயசாகி மரிச்சார். தொழில்ல கூட்டாளிங்க, ஒரே கடல்ல மீன் பிடிச்சவங்க, முடிவு மட்டும் வேற வேற. இதுல யார ஆண்டவருக்கு ரொம்ப பிடிக்கும்?

இத விட கஷ்டமான ஒரு அதிகாரம் இருக்கு, அப்போஸ்தலர் 12. ஏரோது ராஜா யாக்கோப பட்டயத்தால கொன்னுட்டான், யூதர்களுக்கு அது பிடிச்சிருக்குன்னு தெரிஞ்சதும் பேதுருவையும் பிடிச்சு ஜெயில்ல போட்டான். சபை ஊக்கமா ஜெபம் பண்ணுது, தேவதூதன் வரான், சங்கிலி கழண்டு விழுது, இரும்புக்கதவு தானா திறக்குது, பேதுரு வெளிய நடந்து வரார். நாம எல்லாரும் இந்த பாதியதான் பிரசங்கமா கேட்டிருக்கோம். முதல் பாதிய ஒரே வசனத்துல தாண்டி போயிடறோம். ஆனா அந்த ராத்திரி ஜெபம் பண்ணிட்டு இருந்தவங்க வீட்டு கதவ பேதுரு வந்து தட்டினப்போ அங்க எல்லாரும் சந்தோஷமா இருந்திருக்கும்போது யாக்கோபோட அம்மா உயிரோட இருந்திருந்தா அவங்க வீட்டுல எப்படி இருந்திருக்கும்? என் பையனுக்கு ஏன் தூதன் வரல? சபை அவனுக்கு ஜெபம் பண்ணாம இருந்திருக்குமா? வலது பக்கமும் இடது பக்கமும் சீட் கேட்ட அதே அம்மா. அவங்க பசங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் பன்னிரண்டு அப்போஸ்தலர்கள்ல முதல்ல கொல்லப்பட்டவர், இன்னொருத்தர் கடைசியா போனவர்னு பாரம்பரியம் சொல்லுது. ஒரே வீட்டுக்குள்ளயே அப்படி ஒரு வித்தியாசம்.

வேதம் இதுக்கு காரணம் சொல்லல. நானும் சொல்லப்போறதில்ல. யாராவது ரொம்ப சுலபமா காரணம் சொன்னா எனக்கு அவங்க மேல கொஞ்சம் சந்தேகம் வரும். யாக்கோபுக்கு விசுவாசம் கம்மின்னு சொல்ல முடியாது, ஆண்டவர் யாக்கோப கம்மியா நேசிச்சார்னும் சொல்ல முடியாது, மறுரூப மலைக்கு கூட்டிட்டு போன மூணு பேர்ல அவரும் ஒருத்தர். அப்போ ஒருத்தரோட வாழ்க்கையில நடக்கறத வச்சு ஆண்டவர் அவர எவ்ளோ நேசிக்கறார்னு அளக்கற அந்த ஸ்கேலே உடைஞ்சு போச்சு, இல்லையா? நமக்கு அவர் அன்பு தெரியறது சிலுவையில, பக்கத்துல இருக்கறவங்களுக்கு என்ன கிடைச்சுதுங்கறதுல இல்ல. இது எனக்கு மண்டையில ஏறினது சமீபத்துலதான், இன்னும் முழுசா மனசுல இறங்கிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். ரொம்ப நாளா நான் கேட்டுட்டே இருக்கற ஒரு விஷயம் எனக்கும் இருக்கு, அது என்னன்னு இங்க எழுதப்போறதில்ல, ஆனா அத கேட்காமலே வாங்கினவங்க என்னை சுத்தி நிறைய பேர் இருக்காங்க.

சரி, நம்பறதுன்னா என்ன பண்றது? "விட்டுடு, ஆண்டவர் பாத்துப்பார்"னு சொல்றாங்களே, அத எப்படி பண்றதுன்னு மட்டும் யாரும் சொல்ல மாட்டாங்க. எனக்கு இதுக்கு ஒருத்தங்கள காட்டத்தான் தெரியும், அன்னாள். 1 சாமுவேல் முதல் அதிகாரம். எல்க்கானாவுக்கு ரெண்டு மனைவி, பெனின்னாளுக்கு பிள்ளைங்க இருக்கு, அன்னாளுக்கு இல்ல. வருஷா வருஷம் சீலோவுல கர்த்தருடைய ஆலயத்துக்கு போகும்போதெல்லாம் பெனின்னாள் அவள சீண்டி சீண்டி அழ வைப்பா. கோயிலுக்கு போற இடத்துல! புருஷன் வந்து ஏன் அழற, பத்து பிள்ளைங்கள விட நான் உனக்கு மேல் இல்லையான்னு கேக்கறார், பாவம், அவருக்கு அவ்ளோதான் தெரியும். அன்னாள் பெனின்னாளுக்கு பதில் சொன்னதா ஒரு வார்த்தை கூட இல்ல. எழுந்து போய் கர்த்தர்கிட்ட மனம் கசந்து அழறா, உதடு மட்டும் அசையுது, சத்தம் வெளிய வரல, ஆசாரியன் ஏலி அவ குடிச்சிருக்கான்னு நினைச்சுட்டார்.

இதுக்கு பக்கத்துல ராகேல வச்சு பாருங்க. அக்கா லேயாளுக்கு வரிசையா பிள்ளைங்க, தனக்கு இல்ல, நேரா புருஷன் யாக்கோபுகிட்ட (இவர் பழைய ஏற்பாட்டு யாக்கோபு, சீஷர் இல்ல) போய் எனக்கு பிள்ளை குடு, இல்லன்னா செத்துப்போவேன்னு சொல்றா, அவர் கோவத்துல நான் என்ன தேவனான்னு கேக்கறார். வலி ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான், ராகேல குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா அன்னாள் அந்த வலிய கொண்டுபோன இடம் வேற. அன்னாளோட கதையில என்னை பிடிச்சு நிறுத்தற வசனம் சாமுவேல் பிறந்த வசனம் இல்ல. அதுக்கு முன்னாடி, ஜெபம் முடிச்சு எழுந்து போய் சாப்பிட்டா, அப்புறம் அவ துக்கமுகமா இருக்கலன்னு ஒரு வசனம் வருது. அந்த நேரத்துல அவ கையில எதுவுமே இல்ல. பிள்ளை இல்ல, எந்த அறிகுறியும் இல்ல, வீட்டுக்கு திரும்பி போனா அதே பெனின்னாள் இருப்பா. எதுவும் மாறறதுக்கு முன்னாடி முகம் மாறிடுச்சு. நம்பிக்கைன்னு நான் புரிஞ்சுக்கறது அந்த சாப்பிட்ட நேரத்தத்தான்.

ஆசாப் எழுதின 73ம் சங்கீதமும் இப்படித்தான். துன்மார்க்கன் நல்லா இருக்கறத பாத்து பொறாமைப்பட்டேன், என் கால் சறுக்க பாத்துச்சுன்னு வெளிப்படையா எழுதறார், அதுவும் ஆராதனையில பாடறதுக்கு! நம்ம பாட்டு புக்குல இப்படி ஒண்ணு வந்தா எத்தன பேர் பாடுவோம்னு தெரியல. தேவனுடைய பரிசுத்த ஸ்தலத்துக்குள்ள போன பிறகுதான் அவருக்கு தெளிவு வருது. உள்ள இருந்தத தேவன்கிட்டயே கொட்டினார், வேற யார்கிட்டயும் போகல.

அதனால "பொறாமை வரக்கூடாது"ன்னு பல்ல கடிச்சுட்டு இருக்கறத விட, வந்தா அத அப்படியே ஜெபத்துல சொல்லிடறது நல்லதுன்னு நினைக்கறேன். ஆண்டவரே, அவளுக்கு கிடைச்சது எனக்கு எரியுது, ஏன்னு தெரியல, நீங்க என்னை மறந்துட்ட மாதிரி இருக்கு. அழகான ஜெபம் இல்ல, ஜெபக்கூட்டத்துல சத்தமா சொல்ல முடியாது, ஆனா உண்மை. அதோட அந்த ஆளோட பேர சொல்லி அவங்களுக்காக ஆசீர்வாதம் கேக்கணும். இது மனசார வரும்னு எதிர்பாக்க வேண்டாம், முதல்ல பல்லுக்கு நடுவுலதான் வரும். ஆனா ஒருத்தருக்காக நிஜமா கேட்டுட்டே இருந்தா அவங்கள போட்டியா பாக்கறது கொஞ்சம் கொஞ்சமா கஷ்டமாகிடும், ஏன்னா அவங்களுக்கு கிடைக்கறதுல நம்ம ஜெபமும் இருக்கே.

ஒரு விஷயத்துல மட்டும் நான் சில பிரசங்கியார்களோட ஒத்துப்போக மாட்டேன். "கவலப்படாத, உன் டைம் வரும், உன்ன பாத்து சிரிச்சவங்க முன்னாடியே உன்ன உயர்த்துவார், அவங்கள விட டபுளா தருவார்"னு சொல்வாங்க, கூட்டமே ஆமென் போடும், எனக்கும் கேக்கும்போது நல்லாத்தான் இருக்கும். ஆனா அது என்ன நம்பிக்கை? அதே ஒப்பீடுதான், இந்த தடவை ஜெயிக்க வைக்க ஆண்டவர நம்ம டீம்ல சேத்துக்கறோம். இன்னொருத்தன் தோத்தாத்தான் என் ஆசீர்வாதத்துக்கு ருசி வருதுன்னா நான் இன்னும் அவன் கையத்தான் பாத்துட்டு இருக்கேன். அதோட, எல்லாருக்கும் அந்த "டைம்" வரும்னு அவர் எங்கயும் எழுதிக் குடுக்கலயே. வராமலே போனவங்கள எபிரெயர் 11ஓட கடைசி பகுதியில போய் பாருங்க, சிங்கத்தோட வாய அடைச்சவங்க இருக்கற அதே லிஸ்ட்லதான் கல்லெறிஞ்சு கொல்லப்பட்டவங்களும் இருக்காங்க, ரெண்டு பேருக்கும் ஒரே நற்சாட்சி.

ஊழியத்துல இருக்கறவங்களுக்கு இது இன்னும் மோசம், அவங்க சபைக்கு எத்தன பேர் வராங்க, அவங்க யூட்யூப் சேனலுக்கு எத்தன சப்ஸ்க்ரைபர்னு ஒரு கண்ணு ஓடிட்டே இருக்கும். எஜமான் வேலைக்காரங்ககிட்ட பணத்த (தாலந்துங்கறது அப்போ ஒரு பெரிய தொகை) பிரிச்சு குடுத்துட்டு போற தாலந்து உவமையில அஞ்சு தாலந்துக்காரனுக்கும் ரெண்டு தாலந்துக்காரனுக்கும் எஜமான் சொன்ன பாராட்ட பக்கத்துல பக்கத்துல வச்சு படிச்சு பாருங்க, அதே வார்த்தைங்கதான். அஞ்சு சம்பாதிச்சவனுக்கு ஒரு வரி கூட கூடுதலா இல்ல.

பெத்தவங்களுக்கும் ஒண்ணு. பிள்ளைங்கள ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடாதீங்க, ப்ளீஸ். ராகேலோட புருஷன் அந்த யாக்கோபு, யோசேப்புங்கற ஒரு பையனுக்கு மட்டும் பலவருண அங்கி தெச்சு குடுத்தார், கடைசியில அண்ணனுங்களே அவன வித்துட்டாங்க, அந்த வீடு அதுக்கு என்ன விலை குடுத்துச்சுன்னு உங்களுக்கு தெரியும்.

கடைசியா, நிறைய பேர் தனியா கேக்கற ஒண்ணு. ரொம்ப நாளா காத்துட்டு இருக்கற அதே விஷயம் ஃப்ரெண்டுக்கு கிடைச்சு, அதுக்கு விசேஷம் வச்சு கூப்பிட்டா போகணுமா? சந்தோஷப்படறவங்களோட சந்தோஷப்படுங்கன்னு ரோமர் 12ல இருக்கு, அதே வசனத்துல அழறவங்களோட அழுங்கன்னும் இருக்கு, அந்த ரெண்டாவது பாதி உங்களுக்காக உங்க ஃப்ரெண்டுக்கு எழுதினது. முடிஞ்சா போங்க, கொஞ்ச நேரம் இருந்துட்டு வாங்க. அன்னைக்கு சுத்தமா முடியலன்னா போகாதீங்க, ஆனா தலைவலின்னு பொய் சொல்லாதீங்க. "எனக்கு உன்மேல கோவம் இல்லடி, இன்னைக்கு என்னால முடியல, நான் ஜெபம் பண்ணிட்டுதான் இருக்கேன், அடுத்த வாரம் வந்து பாக்கறேன்"னு ஒரு மெசேஜ் போடுங்க. அடுத்த வாரம் நிஜமாவே போயிடுங்க.